எதிரே பெட்ரோல் பங்க், அடிபம்பில் பெட்ரோல் வாசனை

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் கிராமம். தீபாவளியன்று குளிக்கத் தண்ணீர் அடித்தபோது பெட்ரோல் வாசனை வந்தது. குடத்தில் பிடித்தால் மேலே எண்ணெய்ப் படலம் பல நிறமாக மினுக்கியது. எதிரே பெட்ரோல் பங்க். இப்போது பங்குனியில் வாசனை குறைந்துவிட்டது. பங்க்காரர் தினம் இரண்டு கேன் தண்ணீர் தருவதாகச் சொல்லி, ‘புகார் எதுவும் இல்லை’ என்று கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா. கேன் தண்ணீரை வாங்கிக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் மட்டும் வேண்டாம்.

வாசனை குறைந்ததை நம்பிவிடாதீர்கள். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். ஐப்பசி மழையில் நீர்மட்டம் ஏறியபோது அதுவும் ஏறி வந்திருக்கும். கோடையில் மட்டம் இறங்கும்போது மண்ணில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் திரும்ப வரலாம். அப்புறம், பெட்ரோலில் உள்ள பென்சீன் தண்ணீரில் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மூக்குக்குத் தெரியும் அளவு அதைவிடப் பல நூறு மடங்கு அதிகம். காய்ச்சிக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த ஆவி சமையலறையில்தான் சுற்றும்.

வழக்குக்கு உயிர் பரிசோதனை அறிக்கைதான். என்னிடம் ஒருவர் பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, ஒரு வாரம் அலமாரியில் வைத்திருந்து கொண்டுவந்தார். ‘எதுவும் இல்லை’ என்று அறிக்கை வந்தது. பாட்டிலின் காலி இடத்தில் ஆவியாகிப் போய்விட்டது. அந்த மனிதர் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்து ஆளே வந்து, காற்றுக்குமிழி இல்லாமல் கண்ணாடிக் குப்பியில் நிரப்பி, ஐஸில் வைத்து எடுத்துப் போகட்டும். பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்; சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனையில் இவை வராது.

கூடவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் மனு, பங்க்காரருக்கு நகல், எல்லாமே ஒப்புகையோடு தபாலில். 1974-ம் ஆண்டு தண்ணீர்ச் சட்டத்தின் 24-வது பிரிவு, ‘தெரிந்தே’ கிணற்றில் மாசு சேர விடுவதைத் தடுக்கிறது. உங்கள் கடிதம் கையில் கிடைத்த பிறகு அவர் தெரியாது என்று சொல்ல முடியாது.

அடுத்தது, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சென்னையில் இருக்கிறது. அங்கே நஷ்டஈட்டோடு ‘கண்காணிப்புக் கிணறு’ம், அதாவது நிலத்தடி நீரைச் சோதிப்பதற்கென்றே போடும் குழாய்க் கிணறும், கேளுங்கள். நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். பங்க்கைச் சுற்றிக் குறைந்தது மூன்று வேண்டும். மூன்று இடத்து நீர்மட்டம் தெரிந்தால்தான் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்ல முடியும். ஒன்று, நிலத்தடி நீர் பங்க்கை நோக்கி ஓடிவரும் பக்கம்; மற்றவை பங்க்குக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே. குழாயின் துளைப்பகுதி நீர்மட்டத்தின் மேலும் கீழும் இருக்க வேண்டும். ஆழத்தில் மட்டும் துளை போட்டால் மேலே மிதக்கும் பெட்ரோல் உள்ளே வராது, அறிக்கை சுத்தமாக வரும். கோடை, மேட்டூர் திறந்த பின், ஐப்பசி மழைக்குப் பின் என்று ஒரு வருஷம் முழுக்க மாதிரி எடுக்கச் சொல்லி மனுவில் எழுதுங்கள். பங்குனியில் ஒரே ஒரு தடவை எடுத்தால் பங்க்காரருக்குத்தான் சாதகம். செலவு அவருடையது: ராஜஸ்தானின் பிச்ரி கிராமக் கிணறுகள் ரசாயன ஆலைகளால் கெட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெண் என்பதால், வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். திருவாரூர் நீதிமன்றத்தில் கேளுங்கள்.

தேதிதான் அவசரம். தீர்ப்பாயத்தில் நஷ்டஈட்டுக்கும், கெட்ட நீரையும் நிலத்தையும் சீர்செய்யக் கேட்பதற்கும் ஐந்து வருஷம் இருக்கிறது. மற்றப் பரிகாரங்களுக்கு, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். தீபாவளியிலிருந்து எண்ணினால் சித்திரையில் முடிகிறது. இந்த வாரமே கிளம்புங்கள்.