1980இல் அமெரிக்காவின் கன்ட்ரி இசைத் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாடல்களைக் கேட்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஜனவரி முதல் வாரத்திலிருந்தே ஆரம்பியுங்கள். யாரோ பொறுக்கி எடுத்த பத்துப் பாட்டைக் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வார வரிசையில் கேட்டால்தான் அந்த வருடம் பிடிபடும்.

நான் அப்படித்தான் கேட்டேன். டென்னசி மாநிலத்தில் ஒரு கிடங்கில் கணக்கு வேலை பார்த்த காலம். வீட்டிலிருந்து காரில் 40 நிமிடம். போகும்போது ஒரு பாட்டு, திரும்பும்போது அதே பாட்டு மறுபடி. நாளுக்கு ஒன்று என்று கேட்டு, இரண்டு மாதத்துக்குச் சற்று மேலே ஆனது முழு வருடமும் முடிய.

பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் அந்த ஒரே வருடத்தில் 40க்கும் மேற்பட்ட பாடல்கள் முதலிடத்துக்கு வந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒரு வாரம்தான் அங்கே இருந்தன. அதிகமாகத் தாக்குப் பிடித்தவையே 3 வாரம்தான். வானொலி ஒலிபரப்பைக் கருவி வைத்து எண்ணும் முறை 1990இல்தான் வந்தது. 1980இல் வானொலி நிலையங்களும் இசைத்தட்டுக் கடைகளும் அனுப்பும் தகவலை நம்பித்தான் பட்டியல் போட்டார்கள். அதனால் முதலிடம் சட்சட்டென்று கைமாறியது. இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை வாரம் இருந்தது என்பதை வைத்து இந்த வருடத்துப் பாட்டை எடைபோட முடியாது.

ஜனவரியில் கென்னி ராஜர்ஸ். அப்புறம் வெய்லன் ஜென்னிங்ஸ், வில்லி நெல்சன், எம்மிலூ ஹாரிஸ் என்று ஒவ்வொருவராக வருவார்கள். மே மாதத்தில் டாலி பார்ட்டன் பாடிய ‘ஸ்டார்ட்டிங் ஓவர் அகெய்ன்’ வரும்போது கொஞ்சம் நின்று கேளுங்கள். பல வருடம் சேர்ந்து வாழ்ந்த ஒரு தம்பதி பிரிகிறார்கள், அதுதான் பாட்டு. எழுதியவர்கள் டிஸ்கோ ராணி என்று பெயரெடுத்த கறுப்பினப் பாடகி டோனா சம்மரும் அவர் கணவர் புரூஸ் சுடானோவும். கணவரின் பெற்றோர் பிரிந்த கதையே அது. நவம்பரில் கென்னி ராஜர்ஸ் ‘லேடி’ பாட்டோடு திரும்பி வருவார். அதை எழுதிய லயனல் ரிச்சியும் கறுப்பினத்தவர். கன்ட்ரி என்றால் வெள்ளைக்காரக் கிராமத்துப் பாட்டு என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. இந்த இரண்டு பாட்டும் அதைக் கலைத்துப் போட்டன.

அந்தக் கோடையில் ‘அர்பன் கௌபாய்’ படம் வந்தது. டெக்சாஸ் மாநிலம் பாசடினாவில் இருந்த கில்லீஸ் என்ற பிரம்மாண்டமான மதுக்கூடத்தைச் சுற்றி எடுத்த படம். நகரத்துப் பிள்ளைகளெல்லாம் கௌபாய் தொப்பி மாட்டிக்கொண்டு இயந்திரக் காளை மேல் ஏறிய காலம் அது. பட்டியலிலும் அது தெரியும். அந்த மதுக்கூடத்தின் பெயருக்கே உரியவரான மிக்கி கில்லி, ஜானி லீ, ஆன் மரே என்று வரிசையாக அந்தப் படத்துப் பாடல்கள் மேலே வந்தன. ஜானி லீயின் ‘லுக்கிங் ஃபார் லவ்’ செப்டம்பரில் 3 வாரம் இருந்தது. அதை எழுதிய மூவரில் இருவர் மிசிசிப்பி மாநிலத்துப் பள்ளி ஆசிரியைகள் என்பது எனக்குப் பிடித்த சேதி. வில்லி நெல்சனின் ‘ஆன் த ரோட் அகெய்ன்’ கூட வேறொரு படத்துக்காக எழுதியதுதான். விமானத்தில் போகும்போது படத்துக்குப் பாட்டு வேண்டும் என்று கேட்டார்களாம். வாந்தி எடுக்கக் கொடுக்கும் பையை எடுத்து அதிலேயே எழுதிவிட்டார்.

சரி, இப்போது ஜூலை 5ஆம் தேதி வாரத்துக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஜார்ஜ் ஜோன்ஸ். அப்போது அவருக்கு 48 வயது. குடியும் கடனும் சேர்ந்து அவரை உருக்குலைத்திருந்தன. கச்சேரிக்கு வராமலே இருந்துவிடுவார் என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். தனிப்பாட்டில் முதலிடம் பிடித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பாபி பிராடக், கர்லி புட்மன் இருவரும் எழுதிய ‘ஹீ ஸ்டாப்ட் லவ்விங் ஹெர் டுடே’ பாட்டைத் தயாரிப்பாளர் பில்லி ஷெரில் கொண்டு வந்தபோது, இவ்வளவு சோகத்தை யார் கேட்பார்கள் என்று ஜோன்ஸ் தயங்கினார். ஒலிப்பதிவிலும் மெட்டு அவர் வாயில் நிற்கவில்லை. வேறொரு பாட்டின் மெட்டுக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தாராம்.

பாட்டில் ஒருவன் ஒருத்தியைச் சாகும்வரை நேசிப்பேன் என்கிறான். அவள் போய்விடுகிறாள். 1962 தேதியிட்ட அவளுடைய கடிதங்களைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். அன்பு என்று அவள் எழுதிய இடத்திலெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறான். இன்றைக்கு அவனைப் பார்க்கப் போனேன், நன்றாக உடுத்தியிருந்தான், எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன் என்கிறார் பாடுபவர். முதல் தடவை கேட்டபோது, ஒருவழியாக இவன் தேறிவிட்டான் என்றே நினைத்தேன். அப்புறம்தான் வாசல் கதவில் மலர் வளையம் வருகிறது.

நடுவில் ஜோன்ஸ் பாட்டை நிறுத்திவிட்டுப் பேசுகிறார். நான்கே வரி. அவள் கடைசியாகப் பார்க்க வந்தாள், வருவாளா என்று நாங்களெல்லாம் நினைத்துக்கொண்டுதான் இருந்தோம் என்கிறார். சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அந்தப் பேச்சு தெரியும். குரலை உயர்த்தாமல், பக்கத்திலிருப்பவரிடம் மட்டும் சொல்வதுபோல் சொல்கிறார்.

ஒரு நாள் மதிய இடைவேளையில் கிடங்கில் இதைப் போட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்த ஊர்க்காரர், அறுபது தாண்டியவர், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பேச்சு வரும் இடத்தில் கை நின்றுவிட்டது. அந்த நான்கு வரியையும் உதடு மட்டும் அசைய ஜோன்ஸ் கூடவே ஒரு சொல் பிசகாமல் சொன்னார். பாட்டு முடிந்ததும் எதுவும் பேசாமல் பாதி ஆரஞ்சை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இந்தப் பாட்டு முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாட்டு விருது 1980இலும் 1981இலும் இதற்கே போனது. 2013இல் ஜோன்ஸ் இறந்தபோது, நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்கில் நடந்த இறுதிச் சடங்கில் ஆலன் ஜாக்சன் பாடியதும் இதைத்தான்.

டிசம்பரில் ரோனி மில்சாப் பாடும் ‘ஸ்மோக்கி மவுண்டன் ரெயின்’ வரும். அதை மழை நாளில் கேளுங்கள். ஆகஸ்டில் அலபாமா குழுவின் முதல் வெற்றி. கடற்கரை ஊர் மதுக்கூடம் ஒன்றில் சில்லறைக்கு வாசித்துக்கொண்டிருந்த பையன்கள், அடுத்த பத்து வருடம் பட்டியலையே பிடித்துவைத்திருந்தார்கள்.

ஜூலை 5 வரும் அன்றைக்கு மட்டும் வேறு பாட்டு எதுவும் போடாதீர்கள். அடுத்த நாள் சார்லி பிரைட் வருவார். மிசிசிப்பி பருத்திக்காட்டுக் குத்தகை விவசாயியின் மகன், கன்ட்ரி உலகம் கொண்டாடிய கறுப்பினப் பாடகர். 29 வயதில் இறந்துபோன ஹேங்க் வில்லியம்ஸின் பழைய பாட்டு ஒன்றை எடுத்துப் பாடியிருப்பார். ஜோன்ஸைக் கேட்ட கனம் இறங்குவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.