கட்டைவிரலுக்கு எத்தனை அர்த்தம்?

அன்புள்ள ஐயா,

நான்கு வருடமாக உங்களை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 36 வயது. எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்றுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அதில் மூத்தவருக்கு 58, எல்லோரிலும் இளையவரான பெண்ணுக்கு 23. போன மாதம் மூத்தவர் ஒரு வேலையை விளக்கி, எதை முதலில் முடிக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று நீளமாக மெசேஜ் அனுப்பினார். அந்தப் பெண் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் எமோஜியைப் போட்டுவிட்டு வேறு வேலையில் இறங்கிவிட்டார். சாயங்காலம் 'முடிந்ததா?' என்று மூத்தவர் கேட்க, 'இன்றைக்கே வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லையே' என்று அந்தப் பெண் சொல்ல, பேச்சு வளர்ந்து, இப்போது இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாது' என்கிறார் ஒருவர். 'அவர் பூமர், அப்படித்தான்' என்கிறார் மற்றவர். எச்.ஆரிடம் சொன்னால், தலைமுறைகளைப் புரிந்துகொள்வது பற்றி அரைநாள் பயிற்சி வைக்கலாம் என்கிறார்கள். அதில் பயன் இருக்குமா?

இன்னொன்று. எங்கள் நிறுவனத்தில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மூத்தவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இந்தக் கட்டைவிரல் சண்டை கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. தானியம் கொள்முதல் செய்யும் நிறுவனம் ஒன்று, ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயியின் போனுக்கு அனுப்பி, உறுதிசெய்யச் சொன்னது. அவர் கட்டைவிரலைப் போட்டார். விதை வரவில்லை. 'கிடைத்தது என்று சொல்லத்தான் அதைப் போட்டேன், சம்மதம் என்று சொல்ல அல்ல' என்று அவர் வாதாடினார். 2023-இல் நீதிபதி அதை ஏற்காமல், 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்டச் சொன்னார். இதற்கு முன்னால் பல தடவை அதே நிறுவனத்துக்கு 'ஓகே' மாதிரி ஒற்றை வார்த்தையில் பதில் போட்டுவிட்டு அவர் ஒழுங்காகத் தானியம் கொடுத்திருக்கிறார், அந்தப் பழக்கத்தையும் நீதிபதி கணக்கில் எடுத்துக்கொண்டார்.

உங்கள் குழுவின் அந்த இருவருக்குள் அப்படி ஒரு பழக்கம் உருவாகியிருக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. ஒருவருக்கு அந்த விரல் 'செய்துவிடுகிறேன்', மற்றவருக்கு 'பார்த்துவிட்டேன்'. இதில் மரியாதை எங்கே வந்தது, பூமர் எங்கே வந்தார்?

போனில் எழுதுவதில் இப்படி நிறையக் கண்ணிவெடிகள் இருக்கின்றன. 2015-இல் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். குறுஞ்செய்தியில் ஒற்றை வார்த்தைப் பதிலுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்திருந்தால், அதை எழுதியவருக்கு மனசில்லை என்று மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டில் காட்டியபோது புள்ளியால் எந்த வித்தியாசமும் இல்லை. என்னைப் போல இலக்கண சுத்தமாக 'சரி.' என்று பதில் போடுகிறவர்கள் எத்தனை பேருடைய தூக்கத்தைக் கெடுத்திருப்போமோ தெரியாது. அப்புறம் அந்த 'பேச வேண்டும், கூப்பிடு' மெசேஜ். எதைப் பற்றி என்று இரண்டு வார்த்தை சேர்த்து எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று ஒரு இளைய சக ஊழியர் என்னிடம் கேட்டார். அவர் கேட்கும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை.

பயிற்சி வகுப்பு வேண்டாம். வேலையிடத்து முடிவுகளுக்கு பூமர், மில்லினியல் மாதிரியான தலைமுறைப் பெயர்கள் உதவுமா என்று அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் ஒரு குழு போட்டு ஆராய்ந்து, அதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2020-இல் அறிக்கை கொடுத்தன. 1981-இலிருந்து 1996 வரை பிறந்தவர் மில்லினியல் என்று கோடு போட்டுக் கொடுத்த பியூ ஆய்வு மையமே 2023-இல், இனி அந்தப் பெயர்களை எடுத்ததற்கெல்லாம் பயன்படுத்தப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. அந்தக் கணக்குப்படி பூமர்கள் 1964-இல் பிறந்தவர்களோடு முடிந்துவிடுகிறார்கள், ஆகவே உங்கள் மூத்தவர் பூமரே இல்லை! சிக்கல் என்னவென்றால், 23 வயதில் வருகிற அவசரம் வயதால் வருவது, நானும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்க நேர்ந்தது காலத்தால் வந்தது, அது 58 வயதுக்காரரையும்தான் மாற்றியது. இது இரண்டையும் கழித்துவிட்டு, பிறந்த வருடம் மட்டும் ஒருவரை என்ன செய்தது என்று பிரித்தெடுப்பது ஆராய்ச்சியாளர்களுக்கே தலைவலி. அரைநாளில் நடக்கிற காரியமா?

எனக்கு 26 வயதில் பக்கத்து மேஜையில் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. யார் போன் செய்தாலும் ஒரு நோட்டில் தேதி, நேரம், என்ன பேசினார்கள், யார் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதுவார். நான் அதை வைத்து அவரை எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன், அவர் முன்னாலேயே அவரைப் போல எழுதிக் காட்டிக்கூட இருக்கிறேன். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர், வேலையைச் சொன்ன தேதியில் கொடுக்கவில்லை என்று சண்டைக்கு வந்தார். நான் அப்படி ஒரு தேதியே சொல்லவில்லை என்று சத்தியம் செய்யாத குறை. மேலதிகாரி அந்த நோட்டைக் கேட்டார். இருந்தது, நான் பக்கத்து மேஜைக்காரருடைய போனை வாங்கிப் பேசிச் சொன்ன தேதி, அவர் கையெழுத்தில். நோட்டு என்னைக் காப்பாற்றியது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். நடந்தது இதுதான், அது என்னை மாட்டிவிட்டது.

அன்றைக்குக் கோபத்தில் 'எதற்கு இப்படி எல்லாவற்றையும் எழுதித் தொலைக்கிறீர்கள்?' என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாய்வார்த்தையாக ஒருவர் சரி என்று சொன்னதை நம்பி ஒரு காரியம் செய்திருக்கிறார். பிறகு அந்த ஆள் நான் சொல்லவே இல்லை என்று கைவிரிக்க, நஷ்டத்தை இவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள். பக்கத்து மேஜையில் அவ்வளவு நாள் உட்கார்ந்திருந்தும் நான் அதைக் கேட்டதில்லை. ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று மனசுக்குள் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன், என்ன நடந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

உங்கள் மூத்தவர் எதைத் தொடக் கூடாது என்று எழுதினாரே, அதற்குப் பின்னால் நிச்சயம் ஒரு சம்பவம் இருக்கும், அந்தப் பெண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் வெறும் விரலோடு நிறுத்திக்கொண்டதற்கும் ஒன்று இருக்கலாம். முந்தைய இடத்தில் பதில் கேள்வி கேட்டு யாரிடமாவது வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார், யார் கண்டது. நீங்கள் செய்யக்கூடாத ஒன்று, இருவருக்கும் நடுவில் தபால்காரராக இருப்பது. இன்றைக்கே அதை விடுங்கள். அடுத்த சிக்கலான வேலையை இருவரிடமும் சேர்த்துக் கொடுங்கள், விரல் போட்டால் என்ன அர்த்தம் என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.

எச்.ஆருக்கு அந்த அரைநாளை எதற்காவது செலவழித்தே ஆக வேண்டும் என்றால் இதைச் சொல்லுங்கள். பி.எம்.டபிள்யூ 2007-இல் ஜெர்மனியில் ஒரு உற்பத்திப் பிரிவில், பத்து வருடம் கழித்து ஊழியர்களின் சராசரி வயது என்னவாக இருக்குமோ அதே சராசரி, அதாவது 47 வயது, வரும்படி ஆட்களைக் கலந்து போட்டுப் பார்த்தது. யாருக்கும் தலைமுறைப் பாடம் எடுக்கவில்லை. வேலை செய்யும்போது எங்கே வலிக்கிறது, எது இடைஞ்சல் என்று அவர்களிடமே கேட்டு, மரத் தரை, பெரிய எழுத்துத் திரை, உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, பூதக்கண்ணாடி என்று சுமார் 70 சின்னச் சின்ன மாற்றங்கள் செய்தார்கள். ஒரே வருடத்தில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் கூடியது. பெரிய எழுத்து 25 வயதுக்காரரின் கண்ணுக்கும் நல்லதுதானே.

பெயர் விஷயத்தை மூத்தவரிடமே தனியாகக் கேட்டுவிடுங்கள், முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். நான் பின்னாளில் வேலை பார்த்த ஓரிடத்தில் என்னைவிட முப்பது வயது இளையவர்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முதல் வாரம் காது கூசியது உண்மை. அப்புறம் பழகிவிட்டது, எவ்வளவு பழகியது என்றால், யாராவது திடீரென்று 'சார்' என்று கூப்பிட்டால் ஏதோ ஃபைல் தொலைந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிடும்.