ஹாலே நகரின் லத்தீனா பள்ளி: கேள்வி பதில்

ஜெர்மனியின் ஹாலே நகரில் 1697இல் தொடங்கிய ‘லத்தீனா’ கிம்னாசியத்தைப் பற்றி அன்பர்கள் அனுப்பிய கேள்விகளில், எனக்கு விடை தெரிந்தவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

அநாதை இல்லத்து வளாகத்தில் உயர்நிலைப் பள்ளி எப்படி வந்தது?

ஹாலேயின் மதிலுக்கு வெளியே இருந்த கிளௌகா என்னும் சிற்றூரில் போதகராக இருந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, 1695இல் தம் வீட்டு உண்டியலில் யாரோ போட்டிருந்த 4 தாலர் 16 குரோஷனை முதலாக வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்; அதனோடு அநாதை இல்லமும் வளர்ந்தது. நன்கொடைகளோடு மருந்தகம், அச்சகம், புத்தகக் கடை ஆகியவற்றின் வருவாயும் சேர, 1727இல் அவர் மறைந்தபோது 2,200க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அது ஒரே பள்ளி அன்று. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடாதீர்கள். பிரபுக்கள், செல்வர்களின் மக்களுக்குப் ‘பேடகோகியம்’. நகரத்தார் பிள்ளைகளுக்கும் படிப்பில் தேறிய அநாதைச் சிறுவர்களுக்கும் ‘லத்தீனா’. ஏனையோருக்கு ஜெர்மன் பள்ளிகள். லத்தீனாவில் எனக்கு மிகவும் பிடித்தது வகுப்புமுறைதான்: இலத்தீனில் மேல்வகுப்பில் இருப்பவன், கணக்கில் பின்தங்கியிருந்தால், அந்தப் பாடவேளையில் மட்டும் கீழ்வகுப்பில் போய் உட்கார வேண்டும்.

கிம்னாசியம் என்றால் உடற்பயிற்சிக் கூடம்தானே?

இல்லை. ஜெர்மனியில் அது பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆயத்தம் செய்யும் பள்ளி.

கட்டடக்கலையில் அப்படி என்ன சிறப்பு?

1698இல் அடிக்கல் நாட்டிய தலைமைக் கட்டடத்தின் முகப்பில், இரண்டு கழுகுகள் சூரியனை நோக்கிப் பறக்கின்றன. ஆண்டவருக்காகக் காத்திருப்போர் புதுப்பெலன் அடைந்து கழுகுகளைப்போல் எழும்புவார்கள் என்னும் ஏசாயாவின் வாக்கு அதன் பொருள். பிரஷ்ய அரசின் சின்னமும் கழுகே என்பதைக் கட்டியவர் மறந்திருக்கமாட்டார். உள்ளே நுழைந்தால், நீண்ட முற்றத்தின் ஓரமாக 1713 முதல் 1716 வரை எழுப்பிய ‘நெடுவீடு’ ஆறு மாடிகளோடு நூறு மீட்டருக்கும் மேல் ஓடுகிறது. மரச்சட்டங்களைக் கூடுபோலப் பூட்டி, இடைவெளிகளை அடைத்துச் சுவராக்கும் முறை இது. பாரத்தைத் தாங்குவது சட்டம்தான், அடைப்பு அன்று. தெருவைப் பார்த்த முகப்புக்குக் கையை நீட்டிச் செலவழித்தவர் உள்ளே சிக்கனம் பிடித்தார் என்றே கருதுகிறேன். முற்றத்தின் ஒரு கோடியில் அநாதை இல்லம், மேட்டுப்பாங்கான மறுகோடியில் பேடகோகியம் என்ற அமைப்பைக் கண்டாலே, மூன்று பள்ளிகளைக் குழப்பக் கூடாது என்று நான் சொல்வதன் காரணம் விளங்கும்.

நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். 1728இல் முடிந்த அக்கட்டடத்தில், நாடக மேடையின் பக்கத்தட்டிகள்போல அலமாரிகள் வரிசையாக உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன.

தரங்கம்பாடிக்கு வந்த கிறித்தவ மறைபணியாளர் சீகன்பால்கு லத்தீனா மாணவரா?

அல்லர். காமென்ட்ஸிலும் கோர்லிட்ஸிலும் பள்ளியில் படித்தவர், 1703இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அவரை லத்தீனாவின் மாணவர் என்றே எங்கள் ஊரில் சொல்கிறார்கள். நீங்கள் அவருடைய ஹாலே உறவைக் குறைத்துக் காட்டுகிறீர்கள்.

உறவைக் குறைக்கவில்லை, மாணவர் பதிவேட்டில் இல்லாத பெயரைச் சேர்க்க மறுக்கிறேன், அவ்வளவுதான். தரங்கம்பாடி அச்சகத்துக்குத் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியது ஹாலே. அவை பெரியவையாக இருந்து தாளை விழுங்கியதால், சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்க்க நேர்ந்தது. 1716இல் அவருடைய தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில் ஹாலே அநாதை இல்ல அச்சகத்தில் வெளிவந்தது. ஆனால் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி அனுப்பிய நூலை ஹாலே அச்சிடவில்லை. அது 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. உறவு என்றால் இதுவும் சேர்ந்ததுதான்.

அப்படியானால் முதல் தமிழ் அச்சு எழுத்து ஹாலேயில் பிறந்ததா?

இல்லை. ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் நூல் 1578இலேயே கொல்லத்தில் அச்சானது. சீகன்பால்கு பற்றிய கேள்விகளை இத்துடன் நிறுத்திக்கொள்வோம், பள்ளிக்குத் திரும்புகிறேன்.

அங்கே கிம் வசதி எப்படி?

இரண்டாவது கேள்வியின் விடையைப் படியுங்கள்.

என் மகளை அங்கே சேர்க்க என்ன செய்ய வேண்டும்?

பள்ளி அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பழைய கட்டடங்களைப் பற்றியே என்னால் சொல்ல முடியும்.

போருக்குப் பிறகும் இவை எப்படித் தப்பின?

முழுமையாகத் தப்பவில்லை. 1945 மார்ச் மாதக் குண்டுவீச்சில் சில கட்டடங்கள் அழிந்தன. 1946இல், பிராங்கேயின் பள்ளிகளையும் இல்லத்தையும் நடத்திவந்த அறக்கட்டளை கலைக்கப்பட்டு, சொத்துகள் பல்கலைக்கழகத்துக்குப் போயின. பராமரிப்பின்றிக் கூரைகள் ஒழுகத் தொடங்கிய காலத்திலேயே, கழுகு முகப்புக்கு நேர் எதிரே ஒரு மேம்பாலத்தையும் கட்டி நிறுத்தினார்கள். இரு ஜெர்மனிகளும் இணைந்த பின்னரே அறக்கட்டளை மறுபிறவி எடுத்தது; பால் ராபே என்னும் நூலக அறிஞரின் தலைமையில் கட்டடங்கள் ஒவ்வொன்றாகச் செப்பனிடப்பட்டன. லத்தீனா இன்றும் கிம்னாசியமாக நடக்கிறது. முகப்பைப் படமெடுக்க விரும்புவோர் படிக்கட்டை ஒட்டி நின்று அண்ணாந்து எடுங்கள். பின்னால் நகர்ந்தால் பாலம் குறுக்கே வந்துவிடும்.