பிடிஎஸ்எம் உறவில் ஆதிக்கம் செலுத்துபவரின் மனதில் அந்த நேரத்தில் என்னதான் ஓடும்? குற்ற உணர்ச்சியே வராதா?

பெயர் போடாமல் எழுதுகிறேன். காரணம் உங்களுக்கே தெரியும். பிடிஎஸ்எம் என்றால், கட்டிப் போடுவது, ஆளுவது, அடங்குவது, வலி கொடுப்பது என்று சம்மதத்தோடு ஆடும் ஆட்டம்.

கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னை எழுத வைத்தது. உங்கள் துணை ஒருநாள் "என்னைக் கட்டிப் போடு" என்று சொல்லியிருப்பார், நீங்கள் சரி என்று சொல்லிவிட்டு ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சும்மா ஆர்வத்தில் கேட்டிருந்தாலும் தப்பில்லை.

நான் பெண், வயது 39. கோயம்புத்தூர் பக்கம் சொந்த ஊர், 11 வருடமாகப் பெங்களூர். கணவனும் நானும் ஒரே வயது, வாடா போடி என்றுதான் பேச்சு. எங்களில் நான் டாம், அதாவது ஆதிக்கம் செலுத்துபவள்; அவன் சப், அதாவது அடங்கிப் போகிறவன். "புருஷனை அடிக்கிற பொண்டாட்டி" என்று கமென்ட் போடக் கிளம்பியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கேட்டது அவன். எது சரி, எது யோசித்துத்தான், எதைத் தொடவே கூடாது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதியிருக்கிறோம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று வார்த்தை வைத்திருக்கிறோம், சிவப்பு என்றால் அந்த நொடியே நின்றுவிடும். பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறவன் வீட்டில் இப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

சரி, மனதில் என்ன ஓடும்? மகாராணி மாதிரி இருக்குமா என்று நிறைய பேர் கேட்பார்கள். எனக்கு ஓடுவது பெரும்பாலும் கணக்கு. கட்டி எத்தனை நிமிடம் ஆச்சு, கத்தரிக்கோல் எங்கே, விரல் நிறம் மாறுகிறதா, ஃபேன் காற்று நேராக அடிக்கிறதா. சின்ன வயதில் எட்டு வருடம் பரதம் கற்றேன். நட்டுவாங்கம் செய்யும் டீச்சரைப் பார்த்தால் அவர்தான் அந்தப் பெண்ணை ஆட்டி வைக்கிறார் என்று தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், தாளம் கையில் இருந்தாலும் அவர் கண் அவள் காலை விட்டு நகராது, ஒரு அடி தப்பினால் சொல்லை அழுத்திச் சொல்லி எடுத்துக் கொடுப்பார். கிட்டத்தட்ட அப்படி. அதற்காக எனக்கு இதில் சுகமே இல்லை, எல்லாம் அவனுக்காகச் செய்யும் சேவை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அவன் தோள் இறங்கி மூச்சு நீளமாகும்போது எனக்குள் ஒரு அமைதி வரும், ஆபீஸ், மெயில், மாமியார் எல்லாம் காணாமல் போகும். அது பிடித்துத்தான் செய்கிறேன்.

இப்போது குற்ற உணர்ச்சிக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மார்பையும் மேல்கையையும் சேர்த்துக் கட்டியிருந்தேன், புதுச் சணல் கயிறு, எட்டு மீட்டர். எதைக் கேட்டாலும் "ம், பச்சை" என்றான். அந்த மயக்கத்தில் இருப்பவர்கள் எதற்கும் பச்சைதான் சொல்வார்கள், அதனால் நான் சொல்லை மட்டும் நம்ப மாட்டேன். மணிக்கட்டை மேலே தூக்கச் சொன்னேன், டிராஃபிக் போலீஸ் வண்டியை நிறுத்துகிற மாதிரி. இடது கை எழுந்தது. வலது கை தொங்கியது. நிறம் மாறவில்லை, ஜில்லென்று இல்லை, வலியும் இல்லை. மேல்கையின் வெளிப்பக்கத்தில் ரேடியல் நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது, அங்கே அழுத்தினால் வலிக்காமலே மணிக்கட்டு விழுந்துவிடலாம் என்பதை எங்கேயோ படித்திருந்தேன், அவ்வளவுதான். அவிழ்க்கவில்லை. நர்ஸுகள் வைத்திருக்கும் முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். அவன் கண்ணைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை: "ஏன்டி, புதுக் கயித்த வெட்டுன?"

கை சரியாக நாலு நாள் ஆனது. முதல் இரண்டு நாள் டூத்பிரஷ்ஷைக்கூட ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை. டாக்டரிடம் கை மேல் படுத்துத் தூங்கிவிட்டேன் என்றான். அவர் உடனே குடியைப் பற்றிக் கால் மணி நேரம் அறிவுரை சொன்னார். என் கணவன் பீர்கூட குடிப்பதில்லை. நான் பக்கத்தில் பொண்டாட்டியாகத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவன் அதை மறந்துவிட்டான். எனக்கு மூன்று வாரம் போகவில்லை. ஆபீஸ் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். ஆட்டத்தை நடத்தியவருக்கு அப்புறம் வரும் இந்தச் சரிவுக்கு டாப் டிராப் என்று ஒரு பெயர் இருப்பதே பிறகுதான் தெரிந்தது. சீன், அதாவது ஒரு தடவை ஆடும் ஆட்டம், முடிந்ததும் சப்புக்குப் போர்வை கொடு, தண்ணீர் கொடு, கூடவே இரு என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். கட்டியவளுக்கு யார்?

இங்கே மன்ச் என்று ஒன்று நடக்கும், எங்களைப் போன்றவர்கள் சும்மா சந்தித்துப் பேசும் கூட்டம். பெயரைக் கேட்டுக் கற்பனை பண்ணாதீர்கள், 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் பர்கர் சாப்பிடக் கூடியதில் வந்த பெயர். காபி கடையில், சாதாரண உடையில், பத்துப் பேர் உட்கார்ந்து பாதி நேரம் பிஜி வாடகையைப் பற்றிப் பேசுவார்கள். அங்கே அல்சூர்க்கார அக்கா ஒருவர், ஐம்பது தாண்டியவர், வீட்டில் தமிழ்தான். நான் கதையை முடித்ததும் கயிறு, நரம்பு எதுவும் கேட்கவில்லை. "அன்னிக்கு ராத்திரி நீ சாப்ட்டியாம்மா?" என்றார். சாப்பிடவில்லை. அதை அதுவரை யாரும் கேட்டிருக்கவும் இல்லை.

அதற்காக அந்தக் கூட்டம் புனிதம் என்று சொல்ல வரவில்லை. "நான் பிறவி டாம்" என்று வருகிற ஆண்கள் உண்டு, கடைசியாக நீ செய்த தப்பு எது என்று கேட்டால் முழிப்பார்கள். பழைய ஆள் மேல் ஒரு பெண் புகார் சொன்னால் "டிராமா வேண்டாம்" என்று அமுக்கியதையும் பார்த்திருக்கிறேன்.

மனநோய் என்று எழுதப் போகிறவர்களுக்கு: 2022ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில், பெரியவர்கள் சம்மதத்தோடு செய்யும் இது நோயாக இல்லை. அப்புறம் நாங்கள் யாரையும் தொங்கவிடுவதில்லை. இதைச் சொல்லக் காரணம் எங்கள் பழைய வீட்டு ஓனர். ஹாலில் கொக்கி மாட்டியதற்குப் பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் 10,000 ரூபாய் பிடித்துக்கொண்டார். அந்தக் கொக்கி சத்தியமாக ஊஞ்சலுக்குத்தான், அம்மா ஊரிலிருந்து அனுப்பிய தேக்குப் பலகை ஊஞ்சல். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் வயிறு எரிகிறது.

குற்ற உணர்ச்சி வரும். எனக்கு வந்தது, இப்போதும் சில நாள் லேசாக வரும். நோட்டில் இரண்டு வரி கூடியிருக்கிறது. மேல்கையில் கயிறு கிடையாது. முடிந்து அரை மணி நேரம் கழித்து அவன் எழுந்து போய்த் தயிர்சாதம் பிசைந்து எடுத்து வர வேண்டும், எனக்கு. உப்பு எப்போதும் தூக்கலாகத்தான் இருக்கும்.