பள்ளியில் நீச்சல்: ஓர் உடற்கல்வி ஆசிரியரின் பதில்கள்

கேள்வி (பாலக்கோடு): நீச்சல்குளம் இல்லாத அரசுப் பள்ளியில் நீச்சல் கற்றுத்தர இயலுமா, ஐயா?

பதில்: குளமின்றி நீந்தக் கற்றுத்தர இயலாது, ஆனால் அகன்ற பாத்திர நீரில் முகம் அமிழ்த்தி, மெல்ல மூச்சுவிட்டுக் குமிழி எழுப்பப் பழகிய பிள்ளை, பின்னர் குளத்தில் இறங்கும்போது எளிதில் பதறுவதில்லை. அடுத்து இடுப்பளவு நீரில் மல்லாந்து மிதத்தல், சுவரை உதைத்து வழுக்கிச் செல்லுதல், கால் அடித்தல், இறுதியாகக் கைவீச்சு என்பதே சரியான வரிசை. இங்கிலாந்தின் பாடத்திட்டம், தொடக்கக் கல்வி முடிவதற்குள் 25 மீட்டர் நீந்தவும் நீரில் தன்னைக் காத்துக்கொள்ளவும் பிள்ளை கற்றிருக்க வேண்டும் என்கிறது. நான் இரண்டாவதையே முதலில் வைப்பேன். ஜப்பானில் 1955இல் சியுன் மாரு என்ற கப்பல் மூழ்கி 168 பேர் இறந்தனர். அவர்களில் பலர் சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகள். அந்தத் துயரத்துக்குப் பின்னரே அந்நாட்டுப் பள்ளிகளில் குளங்கள் பெருகின.

கேள்வி (ஊத்தங்கரை): ஐந்து வயது மகளுக்குத் தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம். கைக்கெட்டும் தொலைவில் ஒரு பெரியவர் நீருக்குள்ளேயே நிற்க வேண்டும்.

கேள்வி (அரூர்): தலைமுறை தலைமுறையாகக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டித்தானே பழகினோம்? பாடமும் குளமும் எதற்கு?

பதில்: அன்று தாத்தாவோ மாமாவோ கூடவே நீரில் இருந்தார், இன்று பிள்ளைகள் தனியாகப் போகிறார்கள். கிணற்றில் கால் ஊன்ற இடமில்லை. கோடையில் நீர் இறங்கிவிட்டால் ஏறிவரப் படியும் எட்டாது. முதுகில் கட்டிய குடுக்கை முதுகையே தூக்குவதால், களைத்த பிள்ளையின் முகம் நீரை நோக்கிச் சாய்கிறது. மல்லாந்து மிதக்க அது கற்றுத்தருவதே இல்லை.

கேள்வி (காவேரிப்பட்டணம்): கிணற்றில் பழகியவர்கள் ஆற்றிலும் நீந்துகிறார்களே! அரூர்க்காரர் சொல்வதே சரி.

பதில்: இதை நான் ஏற்கவே மாட்டேன். கிணற்று நீர் நிற்கும் நீர். ஒகேனக்கல்லிலோ பாறையிடுக்குகளில் காவிரி சுழித்து இழுக்கிறது. கிருஷ்ணகிரி அணையின் மதகுகள் திறந்தால் தென்பெண்ணையில் நீர்மட்டம் உயர்ந்துவிடும். இழுப்பில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல், மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி, சாய்வாகக் கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். இதைக் கிணறு கற்றுத்தராது.

கேள்வி (ஓசூர்): எந்த வயதில் தொடங்கலாம்?

பதில்: ஊத்தங்கரைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். பெரியவர் நீருக்குள் இருக்க வேண்டும் என்பதை மீண்டும் சொல்கிறேன்.

கேள்வி (பென்னாகரம்): நீந்தியபின் காது வலிக்கிறது.

பதில்: மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (தருமபுரி, ஒன்பதாம் வகுப்பு மாணவர்): நண்பன் மூழ்கினால் நான் குதிக்கலாமா, ஐயா?

பதில்: குதிக்காதே, தம்பி. மூழ்குபவன் உன் கழுத்தைக் கட்டிக்கொள்வான், இருவரும் போய்விடுவீர்கள். கத்தி ஆள் கூப்பிடு. கயிறு, சேலை, காலிக் குடம் என எது கிடைத்தாலும் வீசு. கரையேற்றியவனுக்கு மூச்சில்லையெனில் வயிற்றை அழுத்த விடாதே; 108க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, பயிற்சி பெற்றவர் யாரேனும் இருந்தால் உடனே வாய்வழி மூச்சும் மார்பழுத்தமும் கொடுக்கச் சொல்.