பழைய பேஜ்மேக்கர் ஃபைலைத் திறப்பது எப்படி?

கேள்வி: அப்பா காலத்து அச்சகம். கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருள்) ஃபைலாகக் கிடக்கின்றன. அதற்குப் பிறகு வந்த இன்டிசைனின் புதுப் பதிப்பில் திறக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: திறக்காதுதான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அந்த ஃபைல்களைப் படிக்கும் வசதி இன்டிசைன் சிஎஸ்6 பதிப்பு வரை இருந்தது, அடுத்து சிசி பதிப்பு வந்தபோது எடுத்துவிட்டார்கள். சிஎஸ்6 உள்ள பழைய மெஷின் யாரிடமாவது இருக்கிறதா என்று திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் டிடிபி கடைகளில் கேளுங்கள். அதில் திறந்து வேறு பெயரில் சேவ் செய்துகொண்டால் புதுப் பதிப்பு அதை எடுத்துக்கொள்ளும். மூல ஃபைலைத் தொட வேண்டாம்.

அப்புறம் ஃபான்ட், அதுதான் பெரிய தலைவலி. பழைய தமிழ் ஃபான்ட்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை, அதனால் ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ‘அம்மன்’ என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பதற வேண்டாம், ஃபான்டையும் பழைய மெஷினிலிருந்து கொண்டுவந்து போட்டால் சரியாகிவிடும். ஃபான்ட் ட்ரூடைப் வகை என்றால் பிரச்சினையில்லை. டைப் 1 என்ற பழைய வகை ஃபான்டுக்கு, இன்டிசைனைத் தயாரிக்கும் அடோபி 2023இல் ஆதரவை நிறுத்திவிட்டது, அந்த வகை என்றால் எழுத்தை எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. மாற்றினால் வரிதாரர் (கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுப்பவர்கள்) பட்டியலை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நடுவில் ஆங்கிலத்தில் அடித்த இனிஷியலையும் கன்வெர்ட்டர் தமிழாக்கிவிடும்; பெயர் தப்பினால் கொடை முடிகிற வரை உங்களுக்குத்தான் ஏச்சு.

எல்லா ஃபைலையும் மாற்ற வேண்டியதில்லை. வருஷா வருஷம் வருகிற நோட்டீஸ் போதும், மற்றதைப் பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள்.