எங்க வீட்ல அப்படி யாரும் இல்லை, டாக்டர்

சென்னையில் இருபத்திரண்டு வருடமாக மனநல மருத்துவராக இருக்கிறேன். எல்.எஸ்.டி., போதைக் காளான் மாதிரியான சைக்கெடெலிக் பொருள்களைப் பற்றியும், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) இருந்தால் அவை என்ன செய்யும் என்பதைப் பற்றியும் கேட்கச் சொல்லியிருந்தேன். நாற்பதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. முடிந்தவரை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (வேளச்சேரி, வயது 23): என் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய். நண்பர்கள் கொடைக்கானலுக்குக் கூப்பிடுகிறார்கள், காளான் சாப்பிடத்தான். எனக்கு எவ்வளவு ஆபத்து? எண்ணாகவே சொல்லுங்கள் டாக்டர்.

பதில்: எண்ணாகக் கேட்டது நல்லது தம்பி. பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரலாம். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் இவர்களில் ஒருவருக்கு இருந்தால் நூறில் சுமார் பத்து. சித்தப்பா, மாமா, தாத்தா என்றால் மூன்றிலிருந்து ஐந்து. அப்பா அம்மா இருவருக்கும் இருந்தால் நாற்பது வரை போகும். ஒரே மாதிரி இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

அந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் யோசியுங்கள். இரட்டையர் இருவருக்கும் மரபணு ஒன்றுதான். ஆனாலும் பாதிப் பேருக்கு வருவதில்லை. மீதியைத் தீர்மானிப்பது பிரசவச் சிக்கல், சின்ன வயதில் பட்ட அடி, வளர்ந்த சூழல், கஞ்சா போன்றவை. இவற்றில் உங்கள் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, எதை உள்ளே போடுகிறீர்கள் என்பது.

எல்.எஸ்.டி.யும் காளானில் உள்ள சைலோசைபினும் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் வந்து ஒட்டும் 2ஏ என்ற ஏற்பியைத் தூண்டுகின்றன. அந்த ஏற்பியை அடைக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் சைலோசைபினின் மயக்கக் காட்சிகள் (இல்லாதது தெரிவது) பெரும்பாலும் வருவதே இல்லை என்று 1998-லேயே சுவிட்சர்லாந்தில் காட்டிவிட்டார்கள். மனச்சிதைவுக்கு நாங்கள் எழுதும் ரிஸ்பெரிடோன், க்ளோசபின் ஆகியவையும் அதே ஏற்பியை அடைப்பவைதான். நாங்கள் மாத்திரை கொடுத்து மூடப் பார்க்கும் கதவை, அந்தக் காளான் திறந்துவிடுகிறது.

இன்னொன்று. சைலோசைபினை மனச்சோர்வுக்கு மருந்தாக்க முடியுமா என்று பார்க்கிறவர்கள்கூட உங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். 2008-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டி, பெற்றோர், உடன்பிறந்தவர் மட்டுமல்ல, சித்தப்பா, மாமா அளவிலான உறவில் மனச்சிதைவு இருந்தாலும் ஆய்வில் சேர்க்கக் கூடாது என்கிறது. டாக்டரும் படுக்கையும் மருந்தும் பக்கத்திலேயே இருக்கிற இடத்திலேயே அப்படி. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் உங்கள் பக்கத்தில் யார் இருப்பார்கள்?

ஆண்களுக்கு இந்த நோய் அதிகமாகத் தலைகாட்டுவது பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள். நீங்கள் அந்த வயதின் நடுவில் நிற்கிறீர்கள். கொடைக்கானல் போங்கள், நட்சத்திர ஏரி பாருங்கள், காளானைத் தொடாதீர்கள்.

கேள்வி (பெரம்பூர்): எங்கள் வீட்டில் யாருக்கும் மனநோய் இல்லை. அப்படியென்றால் பயமில்லைதானே?

பதில்: இதற்குத்தான் அதிகம் எழுதப்போகிறேன். என்னிடம் வருகிற பத்துக் குடும்பத்தில் எட்டு இதே வாக்கியத்தைத்தான் முதலில் சொல்லும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கல்லூரியில் கடைசி வருடம். ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பார்ட்டியில் நாக்கில் ஸ்டாம்ப் (எல்.எஸ்.டி. தோய்த்த சின்னக் காகிதத் துண்டு) வைத்திருக்கிறான். மூன்று வாரம் கழித்து அழைத்து வந்தார்கள். ஃபிரிட்ஜ் ஓடும் சத்தத்தில் தன் பெயரைச் சொல்லி யாரோ பேசுகிறார்கள் என்று பிளக்கைப் பிடுங்கிவிடுவான். அம்மா மாட்டுவார், அவன் பிடுங்குவான். ராத்திரி முழுக்க இதே வேலை. அரைத்து வைத்த மாவெல்லாம் புளித்து வழிகிறது டாக்டர் என்று சொல்லித்தான் அந்த அம்மா அழுதார்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று அப்பாவிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் இல்லை. எல்லோரும் எழுந்து வெளியே போனபிறகு பாட்டி மட்டும் கண்ணாடிக்கூட்டை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்தார். கூடு அவர் கையிலேயே இருந்தது. "என் பெரிய பிள்ளை ஒருத்தன் இருந்தாம்மா. இருபத்தொரு வயசுல இப்படித்தான் ரேடியோவைப் போட்டு உடைச்சான். குணசீலம் கோயில்ல கொண்டுபோய் விட்டோம். அங்கேயே போய்ச் சேர்ந்துட்டான்." தனக்கு ஒரு பெரியப்பா இருந்தார் என்பதே அந்தப் பையனுக்குத் தெரியாது.

நம் வீடுகளில் இந்த நோய்க்கு வேறு பெயர்கள் உண்டு. நரம்புத் தளர்ச்சி, செய்வினை, காத்துக்கறுப்பு. "பரீட்சையில் போனதும் ஒரு மாதிரி ஆயிட்டான்." "சாமியாராப் போயிட்டார்." "வடக்கே போனவர் திரும்பலை." சோளிங்கர் மலையடியில் ஒரு மண்டலம் தங்கிவிட்டு வந்த அத்தை. இவை எல்லாமே மனச்சிதைவு என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் திறந்து கேட்க வேண்டும். பெண் கொடுக்க மாட்டார்கள், மாப்பிள்ளை அமையாது என்று இரண்டு தலைமுறையாக மூடி வைத்திருப்பார்கள். மூடியவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். ஆனால் அதன் விலையைக் கொடுப்பது பேரன்.

நிஜமாகவே யாரும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஆபத்து குறையும், பூஜ்யம் ஆகாது. இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நெருங்கிய உறவில் அது இருப்பதில்லை. எப்படியும் பாட்டியிடம் கேளுங்கள். அப்பாவிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள்.

கேள்வி (ஓ.எம்.ஆர்.): மைக்ரோடோஸ் என்று மிகக் கொஞ்சமாக எடுக்கிறார்களே, அதை எத்தனை மில்லிகிராமில் ஆரம்பிக்கலாம்?

பதில்: சொல்ல மாட்டேன்.

கேள்வி (தாம்பரம்): என் நண்பனிடம் இரண்டு ஸ்டாம்ப் பிடித்துவிட்டார்கள். ஜாமீன் கிடைக்குமா?

பதில்: போதைப்பொருள் தடுப்பு வழக்குகள் நடத்தும் வக்கீலை இன்றே பாருங்கள். 1985-ஆம் வருடச் சட்டத்தில் எல்.எஸ்.டி.க்குச் சிறிய அளவு என்பது 0.002 கிராம், வணிக அளவு 0.1 கிராம். கஞ்சாவுக்கு இதே அளவுகள் ஒரு கிலோ, இருபது கிலோ. இவ்வளவு சின்னப் பொருளில் இவ்வளவு பெரிய வழக்கு என்பதைப் பிள்ளைகள் உணர்வதில்லை. மேற்கொண்டு சட்டம் எனக்குத் தெரியாத துறை.

கேள்வி (முகப்பேர், தரவுப் பகுப்பாய்வு வேலை): நீங்கள் பயமுறுத்துகிறீர்கள். அமெரிக்காவில் 1,30,000 பேரிடம் எடுத்த கணக்கை வைத்து 2013-ல் நார்வே ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். சைக்கெடெலிக் எடுத்தவர்களுக்கு மனநோய் அதிகம் இல்லை என்றுதான் வந்தது. தரவை மறைக்கலாமா?

பதில்: மறைக்கவில்லை. அதில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எப்போதாவது சைக்கெடெலிக் எடுத்தவர்கள். ஆனால் அந்தக் கணக்கு எப்படி எடுக்கப்பட்டது? வீடு வீடாகப் போய்க் கேட்டது. மனநல மருத்துவமனை வார்டில் படுத்திருப்பவர் அதில் இல்லை, தெருவில் திரிகிறவரும் இல்லை. பாதிக்கப்பட்டவர்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே இருப்பவர்களை எண்ணினால் எல்லோரும் நலமாகத்தான் இருப்பார்கள். அதோடு, குடும்பத்தில் நோய் உள்ளவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு இல்லை அது. எடுக்கிற பெரும்பாலோருக்கு மனச்சிதைவு வருவதில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நம் பேச்சு மீதிப் பேரைப் பற்றி.

2024-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 92 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். மயக்கக் காட்சி தரும் பொருளால் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு மூன்று வருடத்துக்குள் மனச்சிதைவு வகை நோய் கண்டறியப்பட்டது. மற்ற போதைகள், ஏற்கெனவே இருந்த மனநலப் பிரச்சினைகள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபிறகும் மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு.

மீண்டும் முகப்பேர்: அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் ஏற்கெனவே பலவீனமானவர்கள். காளான்தான் காரணம் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

பதில்: சரி. சொல்ல முடியாதுதான். அந்த ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஏற்கெனவே நூலிழையில் இருந்தவர்களாக இருக்கலாம். ஆனால் தம்பி, அந்த நூலிழையில் இருப்பது நீங்களா இல்லையா என்று முன்கூட்டியே சொல்ல ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நம்மிடம் இருக்கிற ஒரே சோதனை குடும்பக் கதை. அதையும் நம் ஊரில் மறைத்துவிடுகிறோம். சுவீடனில் பதினாறாயிரம் இளம் இரட்டையரை வைத்து 2024-ல் வந்த ஆய்விலும், மனச்சிதைவு அல்லது இருதுருவ நோய்க்கான (பைபோலார்) மரபுச் சுமை கூடுதலாக உள்ளவர்கள் சைக்கெடெலிக் எடுத்தபோது மனஎழுச்சி (மேனியா) அறிகுறிகள் அதிகமாகத் தெரிந்தன.

கேள்வி (திருவான்மியூர்): இடையில் வருகிறேன். முகப்பேர்க்காரர் சொல்வது சரியே. சித்தர்கள் எடுக்காததா? இயற்கையில் விளைவது கெடுதல் செய்யாது.

பதில்: ஊமத்தங்காயும் இயற்கையில் விளைவதுதான். அதைத் தின்று ஆடை கிழித்துக்கொண்டு, காய்ச்சலில் கொதித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மீண்டும் முகப்பேர்: நான் இயற்கை என்று வாதாடவில்லை, என்னை அவரோடு சேர்க்காதீர்கள். அப்படியானால் கஞ்சாவை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதுதானே அதிகம் புழங்குகிறது?

பதில்: இது நல்ல கேள்வி. விடவில்லை. நான் பார்க்கும் பையன்களில் ஸ்டாம்ப் மட்டும் எடுத்தவன் அபூர்வம், கஞ்சா கூடவே இருக்கும். போதையால் சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று நிஜம் பிடிபடாமல் போவது) வந்தவர்களில் எத்தனை பேருக்குப் பின்னாளில் மனச்சிதைவு ஆகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் பார்த்தார்கள். மொத்தத்தில் நாலில் ஒருவர். கஞ்சாவில் 34 சதவீதம், மயக்கக் காட்சிப் பொருள்களில் 26 சதவீதம். அதனால் "போதை இறங்கினதும் சரியாயிடும்" என்று மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. இரண்டு வருடமாவது தொடர்ந்து பார்க்கச் சொல்வேன். உங்களோடு பேசியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (மடிப்பாக்கம்): ஒரே ஒரு தடவை எடுத்தால் என்ன டாக்டர்? அக்காவுக்கு மட்டும் நோய் இருக்கிறது.

பதில்: "ஒரே ஒரு தடவை" என்று இதோடு ஏழு பேர் கேட்டுவிட்டீர்கள். அக்கா என்றால் நூறில் பத்து. வேளச்சேரித் தம்பியைவிட உங்களுக்கு இரண்டு மூன்று மடங்கு. வேண்டாம். எட்டாவது முறை இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (கோடம்பாக்கம்): மனச்சோர்வுக்குக் கெட்டமின் தருகிறார்களே, அதுவும் இதுதானா?

பதில்: அது வேலை செய்யும் வழி வேறு. மயக்க மருந்து அது, மருத்துவமனையில் கண்காணிப்பில் தருவது. வீட்டில் யாருக்காவது சைக்கோசிஸ் இருந்தால் அந்த டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): அறைத்தோழன் நேற்று ராத்திரி எடுத்தான். இன்னும் தூங்கவில்லை. போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரி போகவில்லை.

பதில்: காளான் என்றால் நாலிலிருந்து ஆறு மணி நேரம், எல்.எஸ்.டி. என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு. அதைத் தாண்டியும் தூக்கமில்லை, சந்தேகம் போகவில்லை என்றால் இப்போதே கூட்டிப் போங்கள். விளக்கைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, அவனுக்குப் பழகிய ஒருவர் மட்டும் கூட இருங்கள். வாக்குவாதம் வேண்டாம். மாடிப் பக்கம் விடாதீர்கள். என்ன எடுத்தான் என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைப்பது 2017-ஆம் வருட மனநலச் சட்டத்தில் அவனுக்கு உள்ள உரிமை. வழியில் யோசனை வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம். பதில் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், கிளம்புங்கள்.

கேள்வி (அண்ணா நகர்): தம்பி ரிஸ்பெரிடோன் சாப்பிடுகிறான். மாத்திரை இருப்பதால் ஸ்டாம்ப் ஏறாது என்று அவன் நண்பன் சொல்கிறானாம்.

பதில்: பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. மாத்திரை அந்த ஏற்பியை அடைப்பதால் ஏறுவது குறையலாம். உடனே என்ன செய்வார்கள்? ஒன்று, இன்னும் இரண்டு வைப்பார்கள். இல்லை, நாலு நாள் மாத்திரையை நிறுத்துவார்கள். மாத்திரை நிறுத்தியதும் திரும்ப வந்த நோயை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். டப்பாவில் மாத்திரையை எண்ணி வையுங்கள், தம்பிக்குத் தெரிந்தே எண்ணுங்கள்.

கேள்வி (வில்லிவாக்கம்): வந்துவிட்டால் வாழ்க்கை அவ்வளவுதானா?

பதில்: இல்லவே இல்லை. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் இதே சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். நோய் முதன்முதலாகக் கண்ட 90 பேரை எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து இருபத்தைந்து வருடம் பின்தொடர்ந்த சென்னை ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பலர் வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். சீக்கிரம் சிகிச்சைக்கு வருவதுதான் முக்கியம்.

கேள்வி (மேற்கு மாம்பலம், தாய்): என் அண்ணனுக்கு இந்த நோய். மகளுக்குப் பத்தொன்பது வயது. மாமா வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லி வளர்த்துவிட்டேன். இப்போது விடுதியில் சேர்கிறாள். எப்படிச் சொல்வது?

பதில்: விடுதிக்குக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள் அம்மா. போனில் வேண்டாம். "உன் மாமாவுக்கு மனச்சிதைவு நோய், நான் வெட்கப்பட்டு மறைச்சுட்டேன்" என்று நேராகவே சொல்லலாம். அவளுக்கு வரும் என்று அர்த்தமில்லை, நூறில் தொண்ணூற்றைந்துக்கு மேல் வராது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அப்புறம் கஞ்சா, காளான், ஸ்டாம்ப் மூன்றையும் பெயர் சொல்லியே சொல்லுங்கள். "கெட்ட பழக்கம்" என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளைகள் காதில் விழாது. கோபப்படுவாள், படட்டும். அண்ணன் போகக்கூடிய தூரத்தில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.